பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறேன். திருவிருந்துப் பந்திக்குப் போகலாமா?

பனங்காடு எழுதியது:

திருநெல்வேலிச் சீமையில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு சிற்றூர் எனக்கு. ஐந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். வயது 31, கோயம்புத்தூரில் வேலை. பத்து வயதிலிருந்து ஊர் ஆலயத்தின் பாடகர் குழுவில் பாடியவன். தன்பாலீர்ப்பு உடையவன். இவை எல்லாவற்றையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதுவது இதுதான் முதல் முறை.

இரண்டு வருடத்துக்கு முன், ஓர் அக்டோபர் மாதம், அப்போது எங்கள் சேகரத்தில், அதாவது எங்கள் சபை வட்டாரத்தில், போதகராக இருந்த ஐயரிடம் நானே போய்ச் சொன்னேன். வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஒன்றும் அறியாத ஒரு பெண்ணைப் பீடத்தின் முன் நிறுத்தி அங்கே உறுதிமொழி சொல்ல என்னால் முடியாது என்பதால் போனேன். அவர் தலையில் கை வைத்து ஜெபித்தார். பிறகு வேறோர் ஊரில் இருந்த ஜெப வீட்டுக்கு அனுப்பிவைத்தார். மூன்று நாள் உபவாசம். ஒவ்வொரு மாலையும் நெற்றியில் எண்ணெய் பூசி, 'போய்விட்டதா?' என்று கேட்பார்கள். முதல் இரண்டு நாளும் இல்லை என்றேன். மூன்றாம் நாள் பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. 'போய்விட்டது' என்றேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஜெப வேளையில் நான் சொன்ன ஒரே பொய் அது. ஊர் திரும்பியதும் ஐயரைப் பார்த்து, அது பொய் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில் வழக்கம்போல் பாடகர் வரிசையிலிருந்து இறங்கி வந்து, திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் பெற அம்மாவோடு பந்தியில் முழங்காற்படியிட்டேன். அப்பா இறந்ததிலிருந்து அப்படித்தான். எனக்கு இடப்பக்கம் அம்மா, வலப்பக்கம் எங்கள் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பெரியவர். அப்பம் கொடுக்கும்போது சொல்லும் வாக்கியத்தை ஐயர் அம்மாவிடம் தொடங்கினார். அதன் கடைசிச் சொல் பெரியவரிடம் முடிந்தது. நடுவில் என் உள்ளங்கை. திருவிருந்தில் சேர்வதற்கு முன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில் சொல்லித் தந்தபடி இடக்கையின் மேல் வலக்கையைக் குறுக்காக வைத்து ஏந்தியிருந்தேன். பாத்திரத்தோடு பின்னால் வந்த டீக்கன் என் முன்னால் ஒரு கணம் நின்றார். கையில் அப்பம் இல்லாததைப் பார்த்தார். அவரும் நகர்ந்துவிட்டார். பந்தி எழும்வரை நான் கையை மடக்கவில்லை. மடக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு வசதியாகவும் இருந்தது. அன்றிரவு எல்லாவற்றையும் சொன்னேன். 'அப்பா இருந்திருந்தால்' என்று தொடங்கி அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு அம்மாவும் பந்திக்குப் போகவில்லை என்று தங்கை சென்ற வாரம் சொன்னாள். பதினைந்து வயதில் திடப்படுத்தல் எடுத்தவள். அப்பாவை அடக்கம் செய்த அடுத்த ஞாயிற்றுக்கிழமைகூடப் போய் முழங்காலிட்டவள். இப்போது 64 வயது. எல்லோரும் எழுந்து போகும்போது இவள் மட்டும் பெஞ்சிலேயே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். கேட்டால் முட்டிவலி என்கிறாளாம்.

அடுத்த மாதம் எங்கள் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை, ஆலயம் அர்ப்பணிக்கப்பட்ட நாளின் விழா. பழைய ஐயர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவரை எனக்குத் தெரியாது. அம்மா போனில் சொன்னாள்: 'இந்த வருஷம் நாம் இரண்டு பேரும் பந்திக்குப் போவோம்.'

என்னோடு ஒருவர் இருக்கிறார், மூன்று வருடமாக. அவர் கிறிஸ்தவர் அல்லர். ஞாயிறு காலை என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டிவைப்பவர் அவர்தான். அதை அணிந்து, பஸ் ஏறி, இங்குள்ள ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, திருவிருந்து தொடங்கும் முன் எழுந்து வந்துவிடுகிறேன்.

என் கேள்வி இரண்டு. 'அபாத்திரமாய்ப் போஜனபானம்பண்ணினால்', அதாவது தகுதியில்லாமல் அப்பமும் ரசமும் எடுத்தால், ஆக்கினைத்தீர்ப்பு வரும் என்று 1 கொரிந்தியர் 11 சொல்கிறது. அது என்னைத்தான் சொல்கிறதா? இரண்டாவது, புதிய ஐயரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டுமா, சொல்லாமல் போய் முழங்காலிடலாமா? நான் மறுபடியும் தாண்டப்பட்டால் அம்மா அதைப் பக்கத்திலிருந்து இரண்டாம் முறை பார்க்கவேண்டியிருக்கும்.

ஜெபம் எனக்கு ஒரு நாளும் நின்றதில்லை. ஆகவே, கடவுளே இல்லை என்று சொல்லி ஆறுதல் தர நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

---

மணிப்புறா எழுதியது:

சகோதரரே, நான் கத்தோலிக்கப் பெண். என் துணையும் ஒரு பெண். உங்கள் சபையின் நடைமுறையைப் பற்றிப் பேச எனக்கு இடமில்லை. என் வழியை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 2358ஆம் எண்ணில், தன்பாலீர்ப்பு உடையவர்களை மதிப்போடும் பரிவோடும் கனிவோடும் ஏற்கவேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்கிறது. அதற்கு முந்தைய எண், அந்த உறவை ஒழுங்குக்கு மாறானது என்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. நான் பல வருடமாக அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் வாழ்கிறேன். 2013இல் பிரேசிலிலிருந்து திரும்பும் விமானத்தில், தீர்ப்பிட நான் யார் என்று திருத்தந்தை பிரான்சிஸ் கேட்டார். அன்று செய்தித்தாளிலிருந்து அதை வெட்டிச் செபமாலைப் பெட்டிக்குள் வைத்தேன். 2023 டிசம்பர் 18 அன்று, எங்களைப் போன்ற இணையருக்குக் குருக்கள் ஆசி வழங்கலாம், ஆனால் அது திருமணச் சடங்குபோல் இருக்கக் கூடாது என்று வத்திக்கான் அறிவித்தது. சிலருக்கு அது மிகக் குறைவு, சிலருக்கு மிக அதிகம். நாங்கள் இருவரும் இன்னும் போய்க் கேட்கவில்லை. கேட்கலாம் என்ற இடம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் பக்கத்து ஊர்க் கதை ஒன்று உண்டு. வடக்கன்குளத்தில் எங்கள் சபையின் கோயில் கால்சட்டை வடிவில் கட்டப்பட்டது. இரண்டு சாதியார் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பீடத்தை நோக்கி நின்று பூசை காண்பதற்காக நடுவில் சுவர். அந்தச் சுவரையும் அந்தக் காலத்தில் யாரோ வேத வசனம் காட்டித்தான் நியாயப்படுத்தியிருப்பார்கள். 1910இல் அதை இடித்தார்கள். இடித்ததை எதிர்த்து வழக்குக்குப் போனார்கள். சிறு வயதில் என் பாட்டி அந்தக் கோயிலுக்குக் கூட்டிப் போய், சுவர் நின்ற இடம் இது என்று தரையைக் காலால் தேய்த்துக் காட்டியிருக்கிறாள். பீடம் அன்றைக்கும் ஒன்றுதான், இன்றைக்கும் ஒன்றுதான்.

இன்னொன்று. அந்த மூன்று நாள் உபவாசத்தைப் போல் மறுபடி யாராவது உங்களை அனுப்பப் பார்த்தால் உறுதியாக மறுத்துவிடுங்கள். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்யவேண்டும் என்று உத்தரவிட்டார். அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. மருத்துவரே செய்யக் கூடாததைப் பட்டினி போட்டு எண்ணெய் பூசிச் செய்ய யாருக்கு உரிமை? நீங்கள் அன்று சொன்ன பொய் உங்கள் கணக்கில் எழுதப்படாது. அதை உங்களிடமிருந்து பிடுங்கியவர்கள் கணக்கில்தான் இருக்கும்.

---

தனிவழி எழுதியது:

தம்பி, நான் உங்களோடு ஒரு விஷயத்தில் உடன்படாதவன். ஆனால் நானும் உங்களைப் போன்றவன்தான். வயது 53. இதை ஆலயத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

வேதம் இதை அனுமதிக்கவில்லை என்பது என் விசுவாசம். ரோமர் முதல் அதிகாரத்தை நானும் எத்தனையோ இரவு வேறு விதமாகப் படித்துப் பார்த்தேன். எனக்கு அது வளையவில்லை. ஆகவே தனியாகவே இருந்துவிடுவது என்று 26 வயதில் முடிவெடுத்தேன். அதை ஒரு தியாகம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள வரவில்லை. சபையில் நாற்பத்தைந்து வயது வரை எப்போது கல்யாணம் என்று கேட்டார்கள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதுதான் அதிகம் வலித்தது. காய்ச்சல் வந்தால் கதவைத் தாழிடாமல் படுப்பேன். காலையில் பால்காரர் வந்து பார்க்கட்டும் என்று.

நான் எடுத்த முடிவை உங்கள் மேல் சுமத்தமாட்டேன். ஆனால் உங்களுக்குச் சாதகமாக வசனத்தைத் திருத்திக்கொள்ளவும் சொல்லமாட்டேன். 'தன்னைத்தானே சோதித்தறிந்து' என்றுதான் அந்தக் கொரிந்தியர் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். சோதிக்கவேண்டியவர் நீங்கள். ஐயர் அல்லர். உங்களைத் தாண்டிப் போனவர் செய்தது தவறு. என்னைப் போல் வாய் திறக்காதவனுக்கு முப்பது வருடமாகத் தடையின்றி அப்பம் கிடைக்கிறது. உண்மையைச் சொன்ன உங்களுக்குக் கிடைக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

---

சித்திரை நிலவு எழுதியது:

நான் திருநங்கை. எங்கள் சாமி வேறு. இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றியது.

உங்களுக்கென்று கூவாகம் இருக்கிறதே என்று எல்லோரும் என்னிடம் சொல்வார்கள். உண்மை, இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமிக்குக் கூத்தாண்டவர் முன்னால் பூசாரி கையால் நானும் ஐந்து முறை தாலி கட்டியிருக்கிறேன். மறுநாள் அரவானுக்காக மாரடித்து அழுது, தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைச் சேலை கட்டியிருக்கிறேன். அந்த அழுகை பொய்யில்லை. வருடம் முழுவதும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அன்றைக்கு வரும். ஆனால் என் சொந்த ஊரில், எங்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும் நாளில், என்னை வரவேண்டாம் என்கிறார்கள். பெரிய திருவிழாவில் இடம் கிடைப்பது ஒன்று. வீட்டு அடுப்புப் பக்கத்தில் இடம் கிடைப்பது வேறு.

உங்கள் அம்மா உங்களை அடுப்புப் பக்கம் கூப்பிடுகிறார்கள். போங்கள்.

---

ஓய்வுபெற்ற ஊழியன் எழுதியது:

தம்பி, நான் 34 வருடம் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவை நேற்று மாலை படித்தேன். இரவு ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது அந்த ஏந்திய கைதான் கண்முன் நின்றது. நான் யாரையும் பந்தியில் தாண்டியதில்லை. ஆனால் ஏறக்குறைய 1990 வாக்கில், உங்களைப் போன்ற ஒரு கல்லூரி மாணவன் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதான். கல்யாணம் செய்துகொள், எல்லாம் சரியாகிவிடும் என்றேன். அவன் செய்துகொண்டான். எதுவும் சரியாகவில்லை. இரண்டு வீடு கெட்டது. அந்த ஆலோசனைக்கு நான் பதில் சொல்லவேண்டியவன் என்பதை மறந்துவிட்டு இதைப் படிக்கவேண்டாம்.

முதலில் கொரிந்தியர் 11. 'அபாத்திரமாய்' என்ற சொல்லை நாம் தனியே பிடுங்கி எடுத்து ஊரையே பயமுறுத்திவிட்டோம். அந்த அதிகாரத்தை 20ஆம் வசனத்திலிருந்து படியுங்கள். கொரிந்துவில் வசதி உள்ளவர்கள் முன்னால் வந்து சாப்பிட்டுவிடுகிறார்கள். இல்லாதவர்கள் வந்து சேரும்போது ஒன்றும் மிச்சமில்லை. 'ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்' என்று பவுல் கோபப்படுகிறார். கர்த்தருடைய சரீரத்தை நிதானித்து அறியாமல் என்று அவர் சொல்வது இந்தப் பின்னணியில்தான். முடிவாக அவர் தரும் கட்டளை, 'ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.' நம் ஊர் அசனத்தை, பண்டிகைக்கு ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்தை, நினைத்துப் பாருங்கள். பந்தியில் ஒருவன் இலையை மட்டும் விட்டுவிட்டுச் சோற்றுவாளி அடுத்த இலைக்குப் போனால் நம் பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? அந்த இலைக்காரனைக் குற்றவாளி என்பார்களா, வாளி பிடித்தவனையா? அந்தக் கிறிஸ்துமஸ் அன்று அந்தப் பந்தியில் அபாத்திரமாய் நடந்த ஒன்று உண்டென்றால், அது உங்கள் பக்கம் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

'தனிவழி' எழுதியதற்கும் பதில் சொல்லவேண்டும். சகோதரரே, உங்கள் நேர்மைக்கு முன் தலைவணங்குகிறேன். வசனத்தைத் திருத்தவேண்டாம் என்கிறீர்கள். சரி. ஆனால் நம் கையில் இருப்பது ஏற்கெனவே ஒரு மொழிபெயர்ப்பு. 1 கொரிந்தியர் 6:9இல், தேவனுடைய ராஜ்யத்தில் சேராதவர்களின் பட்டியலில், பழைய தமிழ் வேதாகமம் 'சுயபுணர்ச்சிக்காரர்' என்கிறதே, அதன் கிரேக்கச் சொல் 'மலகோய்'. மென்மையானவர்கள் என்பதுதான் நேர்ப்பொருள். மத்தேயு 11:8இல் 'மெல்லிய வஸ்திரம்' என்று வருவதும் அதே சொல்தான். மெல்லிய துணிக்குச் சொன்ன சொல் இங்கே எப்படி இப்படி ஆயிற்று என்று மதுரை அரசரடியில் இறையியல் படித்த நாளில் நான் ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். அதை அடுத்து வரும் 'ஆண்புணர்ச்சிக்காரர்' கடினமான சொல். அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அதை நான் ஒரே வரியில் கரைத்துவிடமாட்டேன். அது ஒன்றுமில்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன்.

ஆனால் இன்னொரு சொல் இருக்கிறது. அதைப் பற்றி 34 வருடமும் பிரசங்க பீடத்தில் நான் வாய் திறக்கவில்லை. அப்போஸ்தலர் 8. எருசலேமுக்குப் பணிந்துகொள்ளப் போய்விட்டு ரதத்தில் திரும்பும் எத்தியோப்பிய மந்திரி. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. கிரேக்கத்தில் அந்த மனிதரைக் குறிக்க 'யூனூக்கோஸ்' என்ற சொல் ஐந்து முறை வருகிறது. மத்தேயு 19:12இல் அதே சொல்லை நம் வேதாகமம் 'அண்ணகர்', அதாவது ஆண்மை இல்லாதவர், என்கிறது. இங்கே மட்டும் 'மந்திரி'. ஆண்மை நீக்கப்பட்டவன் சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23 சொல்கிறது. அப்படியானால் அவர் நெடுந்தூரம் பயணம் செய்து எருசலேமுக்குப் போனதும் எந்த வாசல்வரை விட்டிருப்பார்கள்? திரும்பும் வழியில் ஏசாயாவைக் கையில் வைத்து வாசிக்கிறார். அவர் வாசித்த பகுதியிலிருந்து இன்னும் மூன்று அதிகாரம் தள்ளினால், அண்ணகன் தன்னைப் 'பட்டமரமென்று சொல்லானாக' என்ற வசனம் வந்துவிடும். பனை நாட்டுக்காரரான உங்களுக்குப் பட்டமரம் என்றால் என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை.

அந்த மனிதர்தான் பிலிப்புவைக் கேட்கிறார்: 'இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?' பிலிப்பு எருசலேமுக்கு ஆள் அனுப்பி அனுமதி கேட்கவில்லை. இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். அவர் உங்களைப் போன்றவர் என்று நான் சொல்லவில்லை. வாசலில் நிறுத்தப்பட்டவர் என்று சொல்கிறேன். அவரை மந்திரி என்று மட்டும் வாசித்ததால், அவரைத் தடுத்தது எது என்பதே நம் சபைகளுக்குத் தெரியாமல் போய்விட்டது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். புதிய ஐயரிடம் போய்ச் சொல்லுங்கள். அனுமதிக்காக அல்ல. உங்கள் தாயார் அந்தப் பந்தியில் பயந்துகொண்டே முழங்காலிடக் கூடாது, அதற்காக. பண்டிகைக்கு முந்தின நாள் போகாதீர்கள். அன்றைக்கு ஐயரைச் சுற்றிப் பந்தல்காரரும் சமையல்காரரும் நிற்பார்கள். ஒரு வாரம் முன்னால் போங்கள்.

---

தனிவழி எழுதியது:

ஐயா, 'மெல்லிய வஸ்திரம்' எனக்குத் தெரியாது. என் முடிவு மாறும் என்று தோன்றவில்லை. ஆனால் இன்று அப்போஸ்தலர் 8ஐ இரண்டு முறை படித்தேன். மந்திரியின் கதை 'சந்தோஷத்தோடே தன் வழியே போனான்' என்று முடிகிறது. அந்த இடத்தில் நெடுநேரம் நின்றேன்.

---

பனங்காடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பண்டிகை முடிந்து நேற்று கோயம்புத்தூர் வந்தேன். என்ன நடந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஐயா சொன்னபடி ஒரு வாரம் முன்னால் விடுப்பு எடுத்துப் போனேன். புதிய ஐயருக்கு என்னைவிட நான்கைந்து வயதுதான் கூடுதலாக இருக்கும். முன்னறையில் உட்காரவைத்தார். சொன்னேன். என்னோடு இருப்பவரைப் பற்றியும் சொன்னேன், மறைக்கவில்லை. வெகுநேரம் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: 'இதில் எனக்கு இன்னும் தெளிவு இல்லை. தெளிவு இருப்பதுபோல் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் பந்தியில் கை ஏந்துகிறவரைத் தாண்டிப் போகமாட்டேன்.' பாடகர் குழுவில் நான் மறுபடி சேர்வதைப் பற்றிக் கேட்டேன். அது கமிட்டியில் பேசவேண்டியது, இப்போது வேண்டாம் என்றார். அந்த 'இப்போது' எவ்வளவு நாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. ஆகவே பண்டிகை ஆராதனையில் பாட்டெல்லாம் பெஞ்சிலிருந்துதான் பாடினேன். மேலே என் இடத்தில் ஒரு பையன் நின்றான். நன்றாகவே பாடினான்.

திருவிருந்துக்கு எங்கள் வரிசை எழுந்தபோது அம்மா எழவில்லை. நான் எழுந்து நின்று அவளைப் பார்த்தேன். பாட்டுப் புத்தகத்தை மூடி, கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கைப்பைக்குள் வைத்து, கைப்பையின் ஜிப்பை இழுத்தாள். பின்னால் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். பிறகு எழுந்தாள்.

பலசரக்குக் கடைப் பெரியவர் இந்த முறையும் எங்கள் பந்தியில்தான் இருந்தார். எனக்கு இடம் விட்டுச் சற்று நகர்ந்துகொண்டார். அது இடம் கொடுக்கவா, விலகவா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பம் உள்ளங்கையில் விழுந்ததுகூடத் தெரியவில்லை, அவ்வளவு லேசு. வாயில் போட்டதும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆமென் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் அம்மா எனக்கும் சேர்த்துச் சற்று உரக்கச் சொன்னாள்.

எழும்போது அவளுக்கு உண்மையாகவே முட்டி பிடித்துக்கொண்டது. கிராதியை ஒரு கையாலும் என் தோளை ஒரு கையாலும் பற்றி எழுந்து, பெஞ்சுக்குத் திரும்பும்வரை தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. மறுநாள் அசனத்தில் சோற்றுவாளி தூக்க ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள். ஐந்தாவது பந்தி வரை தூக்கினேன்.